விக்னராஜா வான்கோழி வென்ற வரலாறு

வாழி விக்னராஜா! மேற்கு மெல்பேர்னின் டார்னெய்ட் நகர்க் காவலனே, சிவகௌரி மணாளனே, இரட்டைக் கராஜ் மாளிகையின் ஏகத் தலைவனே, வாழி! முட்டை அவிப்பதற்கு அப்பால் குசினிக் கலை எதனையும் கல்லாத இப்பெருமகன், ஏழு கிலோ வான்கோழியை எதிர்த்து நின்ற காதையை விரித்துரைக்கப் புகுகின்றேன். நாமகளே, என் நாவில் வந்தமர்வாய். வெக்கையாக இருந்தால் விசிறியைப் போட்டு விடுகிறேன்.

போருக்கு வித்து சென்ற நத்தாராகிய கிறிஸ்மஸ் திருநாளில் விழுந்தது. சிட்னி மெரிலேண்ட்ஸ் வேந்தனும் சிவகௌரியின் தம்பியுமாகிய ஸ்ரீகாந்த், பொன்னிறமாய்ப் பொரிந்த வான்கோழியைத் தன் மேசை நடுவே வீற்றிருக்கச் செய்து, கத்தி தீட்டியவாறே ஒரு சொல் உரைத்தான்: "அத்தான், இது உங்களுக்குச் சரிவராது. நீங்கள் அக்காவின்ர கோழிக்கறியோட நில்லுங்கோ." சிரித்தவர்களில் சிவகௌரியும் ஒருத்தி. அந்தச் சிரிப்பு ஓராண்டு முழுதும் விக்னராஜாவின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அடுத்த நத்தாருக்கு மைத்துனன் குடும்பத்தைத் தன் இல்லத்துக்கு அழைத்து, அவன் வாயாலேயே 'நல்லாயிருக்கு' என்று சொல்ல வைக்காமல் ஓய்வதில்லை என்று அவர் சபதம் பூண்டார்.

சபதமேற்ற வீரர் சரித்திரத்தையும் துணைக்கழைத்தார். கப்பலில் வந்திறங்கிய ஆதி வெள்ளையர் பசியால் வாடியபோது இந்நாட்டுப் பூர்வகுடியினரே வான்கோழி ஈந்து உயிர் காத்தனர் என்றும், அந்த நன்றியின் சின்னமே நத்தார் விருந்து என்றும், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிரெக்குக்குப் பிரகடனம் செய்தார். கிரெக் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, அது அமெரிக்காக்காரரின் கதை, அதிலும் பாதி கட்டுக்கதை, பண்டிகையும் வேறு, தங்கள் வீட்டில் அன்று குளிர்ந்த இறால்தான் என்று பணிவாகத் தெரிவித்தார். சொந்த நாட்டுச் சரித்திரம் தெரியாத மனிதரென்று விக்னராஜா அவருக்காக உண்மையாகவே வருந்தினார்.

பின் மூண்டது பெரும்போர். பனிக்கவசம் பூண்டு, பாறையினும் கடியதாய், கத்திமுனை கண்டு நகைத்துக் கிடந்த அப்பறவையரசைக் குளியல் தொட்டியில் இறக்கி முற்றுகையிட்டு, வீட்டார் குளிக்க வழியின்றி முகம் மட்டும் கழுவித் திரிய, யாழ்ப்பாணத்துத் தூளும் தேசிக்காய்ப்புளியும் தயிரும் குழைத்துத் திருமேனியெங்கும் பூசி, போறணை வாயில் கொள்ளாத கால்களைக் கயிற்றால் பிணித்து, முழங்காலால் உந்தித் தள்ளிக் கதவடைத்தார் வீரர். வெளியே டிசம்பர் வெயில் கொளுத்தியது, உள்ளே போறணை அனல் கக்கியது. புகை கண்டு அலறிய அபாயமணியைத் தும்புத்தடியால் அடித்து அடக்கினார்.

அவ்வேளை, தம்பி குடும்பத்தோடு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்த் திரும்பிய சிவகௌரி, குசினிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இப்ப ஒண்டும் கதையாதையும்," என்று போர்க்களத்திலிருந்து ஆணை பிறந்தது. அவளும் போய்ப் பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

உச்சிப்பொழுதில், மயிர்க்காலெல்லாம் வியர்வை சொரிய, கையெல்லாம் சூட்டுக் காயம் விருதென மின்ன, செம்பொன் மலையொன்று நடந்து வருவதுபோல் வான்கோழியை ஏந்தி வந்து மேசையில் வைத்தார் விக்னராஜா. நெற்றி நிறையத் திருநீறு துலங்க நின்ற ஸ்ரீகாந்த் அதைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான்.

"அத்தான், இண்டைக்குத் திருவெம்பாவை தொடக்கம். பத்து நாளைக்கு நாங்கள் சைவம்."

வீரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "போன முறை ஜனவரியிலயெல்லோ வந்தது, நானும் மறந்துபோனன். கோயில்லதான் தெரிஞ்சது. சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்லை," என்றாள் அவள். விக்னராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

ஸ்ரீகாந்த் மேசையை ஒருமுறை சுற்றி வந்தான். குனிந்து, கண்மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான். "வாசம் என்ரையை விட நல்லாயிருக்கு, அத்தான்," என்றான் மெதுவாக.

முழங்குக முரசம்! சூடுக வாகை! சிட்னி பணிந்தது, மெல்பேர்ன் நிமிர்ந்தது, நாவால் வராத தீர்ப்பு மூக்கால் வந்தது, விக்னராஜாவின் புகழ் வடகடலும் தென்கடலும் தாண்டிப் பரந்தது!

வான்கோழியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு எல்லோரும் சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள்.