தேரும் தொங்குகிறவனும்

பொதுக் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் முடிவுகளே எடுக்கப்படுவதில்லை என்று ஒரு பொல்லாத வதந்தி நெடுங்காலமாக உலவிவந்தது. அது வதந்தி அல்ல என்று கண்டுபிடித்த மேலிடம், இயக்குநரை மூன்று நாள் ‘முடிவெடுக்கும் திறன் மேம்பாட்டு முகாமு’க்கு அனுப்பிவைத்தது. போன மனிதர் குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றோடு திரும்பி வந்தார். எழுபத்தெட்டு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்கு ஒரு பலன்.

மறுநாளே சுற்றறிக்கை. இனி எந்த மனுவானாலும் மனுதாரர் ஒரு சீட்டும் இயக்குநர் ஒரு சீட்டும் எடுக்க வேண்டியது. இரண்டும் ஒத்துப்போனால் அன்றே ஆணை. முரண்பட்டால் விளக்கக் குழு கூடிப் பொருள் காண வேண்டியது. இதைத் தட்டச்சு செய்தவள் பண்டகப் பிரிவு எழுத்தர். எல்லாருக்கும் அவள் ஸ்டோர் அக்கா.

அந்த அலுவலகத்துக்குள் வரும் எந்தப் பொருளும் வட்ட முத்திரையும் வரிசை எண்ணும் வாங்காமல் தப்ப முடியாது. குப்பைக்கூடையே வாங்கியிருக்கிறது, சீட்டுக்கட்டு மட்டும் என்ன உசத்தி? “படத்து மேல குத்திடாதீங்கம்மா, சக்தி போயிடும்” என்றார் இயக்குநர். அதனால் ஸ்டோர் அக்கா ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் முத்திரை குத்தி, சிவப்பு மையில் பளிச்சென்று எண் போட்டாள். எந்த எண்ணில் எந்தப் படம் என்று பதிவேட்டிலும் ஏற்றினாள்.

எழுபத்தெட்டாவதை முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கவிழ்த்துப் பரப்பினாலும் எது எந்தச் சீட்டு என்று இனி அவளுக்குத் தெரியும். அவள் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அவளுக்கும் ஒரு மனு இருந்தது.

கணவனும் ஏழு வயது மகளும் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தார்கள். அந்த ஊர்க் கிளைக்கு மாறுதல் கேட்டு நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். மகளுக்கு முன்பல் விழுந்ததையும் முளைத்ததையும் போனில்தான் பார்த்தாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பக் கிளம்பும்போது குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே தன் முறை வந்ததும் கண்ணை மூடிக் கும்பிடுகிற பாவனையில் ஓரக்கண்ணால் தேடி, எட்டாம் எண்ணை உருவினாள். தேர்! பயணம், புறப்பாடு, வெற்றி. அவள் முகம் மலர்ந்தது.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கை மேசை மேல் ரொம்ப நேரம் மேய்ந்து, கடைசியில் பதின்மூன்றாம் எண்ணை எடுத்தது. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிற மனிதன். காத்திருப்பு, அசையாமை.

“அடடா, விதி” என்று அவர் பெருமூச்சு விட்டார்.

விளக்கக் குழு ஆறு முறை கூடியது. தேர் ஒரு வாகனம் என்பதால் அலுவலக ஓட்டுநர் தொழில்நுட்ப வல்லுநராக அழைக்கப்பட்டார். தலைகீழாகத் தொங்குவதில் வல்லுநர் கிடைக்காததால் அந்தப் பொறுப்பைக் கண்காணிப்பாளரே ஏற்றுக்கொண்டார்.

“சார், இந்த வண்டியில கடிவாளமே இல்ல. எப்படி நகரும்? இதுக்கு நான் சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது” என்றார் ஓட்டுநர்.

“தொங்குறவன் மூஞ்சியப் பாருங்க, எவ்ளோ நிம்மதியா இருக்கான்! அந்தம்மாவுக்கு இங்கதான் நிம்மதின்னு அர்த்தம்” என்றார் கண்காணிப்பாளர்.

“அப்ப தேருக்கு என்னய்யா மரியாதை?” என்றார் உதவி இயக்குநர்.

இரண்டு சீட்டுக்கும் மனம் கோணாதபடி ஆணை பிறந்தது: ‘மனுதாரர் கொள்கை அளவில் மாறுதல் செய்யப்படுகிறார். உடல் அளவில் இங்கேயே தொடர்வார்.’

ஸ்டோர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆணையோடு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். குழு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

“சுற்றறிக்கை ஏழாம் பத்தியப் படிங்க சார். விளக்கத்த மனுதாரர் ஒத்துக்கலைன்னா, பொதுமக்கள்ல ஒருத்தர் மூணாவது சீட்டு எடுக்கணும். அதுதான் முடிவு.”

“அப்படியா போட்டிருக்கு?”

“நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன்.”

வெளியே வரிசையில் ஒரு தையல்காரர் நின்றிருந்தார். அவர் கடை அரசுக் கட்டடத்தில் இருந்தது, கூரை ஒழுகியது. ஒன்பது மாதமாக நடையாய் நடக்கிறார். அவரைக் கூப்பிட்டு மேசை முன் நிறுத்தினார்கள்.

தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தார்.

“உங்களுக்கு ஊருக்குப் போகணும், அவ்ளோதானேம்மா? எட்டு ஏற்கெனவே வெளிய வந்தாச்சு. இருபத்திரண்டு எடுக்கட்டா? உலகம்னு பேரு. பயணம் முடிஞ்சு வீடு சேர்றதுன்னு போட்டிருக்கு.”

“அது என்ன பேப்பர்?” என்றார் இயக்குநர், குரல் கம்ம.

“கீழ ஜெராக்ஸ் கடையில குடுக்கறாங்க சார். மனு நகல் எடுத்தா இது இலவசம். ஏன், உங்ககிட்ட இல்லையா?”

கண்காணிப்பாளர் தன் கோப்பைப் பட்டென்று மூடினார். ஓட்டுநர் கைபேசியைத் தொடைக்கு அடியில் தள்ளினார். ஸ்டோர் அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எண்ணும் படமும் வரிசையாக இருந்தன. அந்தக் கோணல் கையெழுத்தை அவள் பதினோரு வருஷமாகப் படித்துவருகிறாள்.

“சார், இது உங்க எழுத்து. என் பதிவேட்டப் பாத்து எழுதி, மூலத்த ஜெராக்ஸ் மிஷின்லயே மறந்துட்டு வந்துட்டீங்களா?”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப பதின்மூணத் தெரிஞ்சேதான் எடுத்தீங்க.”

“நீங்க மட்டும் எட்டத் தெரியாமயாம்மா எடுத்தீங்க?” என்று வெடித்தார் அவர். பிறகு குரல் இறங்கியது. “நீங்க போயிட்டா இங்க எந்த ஃபைல் எங்க இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?”

“கேட்டிருக்கலாமே சார். பட்டியல் போட்டுக் குடுத்திருப்பேன். எனக்குத்தான் பட்டியல் போட வருமே.”

கண்காணிப்பாளர் மெல்லக் கேட்டார்: “இந்த விஷயம் வெளிய தெரிஞ்சா சீட்டத் தூக்கிடுவாங்களே. அப்புறம் நாமளே முடிவெடுக்கணுமா?”

அந்த நினைப்பில் ஒரு நடுக்கம் அறையைச் சுற்றி வந்தது. அடுத்த நிமிஷம் அங்கே எந்தக் காகிதத்தையும் யாரும் பார்த்திருக்கவில்லை. தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருபத்திரண்டை எடுத்தார். அதே மூச்சில் தன் கூரைக்கும் ஒரு நல்ல சீட்டாக எடுத்துக்கொண்டார். இயக்குநர் அதற்குப் பொருத்தமாகத் தானும் ஒன்று எடுத்தார். இரண்டு ஆணைகளும் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டன. அலுவலகத்தின் வரலாற்றில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டோர் அக்கா தன் ஊர்க் கிளையில் போய்ச் சேர்ந்தாள். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது. அந்தக் கிளையின் அதிகாரி அவளை வாய் நிறைய வரவேற்று, மேசை மேல் புத்தம் புதிய சீட்டுக்கட்டு ஒன்றை வைத்தார்.

“உங்க பழைய ஆபீஸ்ல இதனால வேலை மளமளன்னு நடக்குதாமே! நாங்களும் ஆரம்பிக்கப் போறோம். என்ன, இன்னும் முத்திரை குத்தல.”

வெளியே வரிசை வாசற்படி வரை நின்றது. அதில் ஒரு கிழவர் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். ஸ்டோர் அக்கா அவரைப் பார்த்தாள், சீட்டுக்கட்டைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

“நம்பர் முதுகுலதானே சார்?”

“ஆமாமா, படத்து மேல போட்டுடாதீங்க.”

மதியத்துக்குள் எழுபத்தெட்டும் முடிந்தன. பிறகு அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல் எழுதி, நகல் எடுக்கக் கீழே ஜெராக்ஸ் கடைக்கு இறங்கினாள். நாலு மணிக்குப் பள்ளி விடும். அந்த அவசரத்தில் மூலத்தை மறக்காமல் மிஷினிலேயே விட்டுவிட்டுப் போனாள்.