மூன்று நிமிடப் பூட்டு

“மாமா, மறுபடி பூட்டுங்க. மறுபடி திறங்க. ஆனா மெதுவா” என்றான் மச்சான்.

பூட்டுக்காரர் பூட்டினார். கம்பியை உள்ளே விட்டார். மெதுவாகத் திறக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அவருடைய விரல்கள் அவரைக் கேட்டு வேலை செய்பவை அல்ல. ‘களுக்’ என்றது. பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

மச்சான் போனைக் கீழே இறக்கினான். “ஏழு செகண்டு. போன தடவை ஒன்பது. நான் மெதுவா மெதுவாங்கறேன், நீங்க வேகமாயிட்டே போறீங்க.”

“நான் என்னடா பண்ண? அதுவா திறந்துக்குது.”

வீடியோ எடுக்கலாம் என்ற யோசனை பூட்டுக்காரரின் மனைவியுடையது. கடை ஒரு சந்துக்குள் இருந்தது. புதிதாகக் கட்டிய வீடுகளிலெல்லாம் எண்ணை அழுத்தினால் திறக்கிற கதவுகள் வந்துவிட்டன. பழைய பூட்டு வைத்திருப்பவர்களுக்கோ, இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியவில்லை. நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று, கணவர் பூட்டுத் திறப்பதைப் போனில் பிடித்துப் போட ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் “அட” என்றார்கள். அடுத்த நொடி வேறு வீடியோவுக்குப் போனார்கள்.

அப்போதுதான் தன் தம்பியை, அதாவது இந்த மச்சானைக் கூப்பிட்டாள். அவன் செல்போன் கடையில் வேலை பார்த்தான். அதனால் போனுக்குள் நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

“ஏழு செகண்டு பாத்தா மறந்துடுவாங்க மாமா. மூணு நிமிஷம் உக்காந்து பாத்தாத்தான் உங்க முகம் மனசுல நிக்கும். நாளைக்குச் சாவி தொலைஞ்சா உங்க ஞாபகம் வரும். எடுத்தவுடனே ஆளைப் பிடிக்கணும். பிடிச்சவரை விடக்கூடாது.”

“அதுக்கு வேற தொழில் இருக்கு” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது மாமனார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். காலையில் கீழே இறங்கி வந்து, கடை மூலையில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். மருமகனிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வார். ஆனால் அந்தத் தொழில் மட்டும் அவருக்கு ஜீரணமாகவில்லை. பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்: “நான் இத்தனை வருஷத்துல பாத்த பூட்டுத் திறக்கிறவங்க எல்லாரும் கூண்டுல நின்னவங்க.”

அன்றிலிருந்து மருமகன் செய்யும் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

*

மச்சானின் முதல் வைத்தியம், திறப்பதற்கு முன்னால் பேசுவது. பூட்டுக்காரர் தலையைப் படிய வாரிக்கொண்டு, பூட்டு எப்படி உண்டானது என்பதிலிருந்து ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார். பூட்டு மேசைமேல் கிடந்தது.

மறுநாள் மச்சான் போனில், எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்கிற கோட்டைக் காட்டினான். மாடிப்படியில் கால் தவறினவன் போன வழி மாதிரி இருந்தது.

“இங்க நீங்க வணக்கம் சொல்றீங்க. இங்க எல்லாரும் போயிட்டாங்க.”

“ஒருத்தர் கடைசிவரைக்கும் இருந்திருக்காரே” என்றாள் மனைவி, கோட்டின் வால் நுனியைத் தொட்டு.

“போனை வெச்சுட்டுத் தூங்கியிருப்பார்.”

இரண்டாவது வைத்தியம், முடிவை ஒளித்து வைப்பது. சந்துக்கு எதிர்ப்பக்கம், மாடியில், ஜன்னலோரம் மிஷின் போட்டுத் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய இரும்பு பீரோவின் சாவி தொலைந்து வெகு நாளாயிற்று. “இந்த பீரோவுக்குள்ள என்ன இருக்கு? கடைசிவரைக்கும் பாருங்க” என்று பூட்டுக்காரர் கேமராவிடம் சொன்னார். தையல்காரியும் உற்சாகமாகத் தலையாட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

பீரோ திறந்தது. உள்ளே தைத்து முடித்த துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. அளவு தப்பிப்போனவை, பிரித்துத் தைக்கச் சோம்பல்பட்டுத் தள்ளி வைத்தவை, நூல் கிடைக்கவில்லை என்று ஆட்களிடம் சாக்குச் சொல்லிவந்தவை.

அந்த வீடியோவை ஜனங்கள் கடைசிவரை பார்த்தார்கள். பாதிப் பேர் தங்கள் துணியைத் தேடிப் பார்த்தார்கள். அன்று பிற்பகல் தையல்காரியின் படிக்கட்டில் நிற்க இடமில்லை.

“அண்ணே” என்று ஜன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள். “உங்க திறமையை உங்க வீட்டோட வெச்சுக்கோங்க.” அதன்பிறகு பூட்டுக்காரரைப் பார்த்தால் மிஷினை வேகமாக மிதித்தாள்.

மூன்றாவது வைத்தியம், கஷ்டப்படுகிற மாதிரி நடிப்பது. ஒரு சின்ன நகைப்பெட்டி. மனைவி அவருடைய நெற்றியில் தண்ணீர் தெளித்து வியர்வை உண்டாக்கினாள். பூட்டுக்காரர் பல்லைக் கடித்தார், பெருமூச்சு விட்டார். கம்பியைப் பூட்டுக்குப் பக்கத்தில் ஆட்டினார். உள்ளே விட்டால் திறந்துவிடுமே என்ற பயம்.

மறுநாள் ஒரு பல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கதவெல்லாம் பூட்டு மாற்றித் தரச் சொல்லி ஏற்கெனவே பேசி வைத்திருந்தவர்கள்.

“வீடியோ பாத்தோங்க. ஒரு சின்னப் பெட்டிக்கே உங்களுக்கு இந்தப் பாடுன்னா... வேற ஆளுக்குச் சொல்லிட்டோம். தப்பா நினைக்காதீங்க.”

அன்று சாயங்காலம் கடையில் யாரும் வீடியோ எடுக்கவில்லை. மனைவி கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

“போதுங்க. இனி வீடியோ வேண்டாம்” என்றாள். “இருக்கிற பேரையும் நானே கெடுத்துட்டேன்.”

“கெட்டது ஒண்ணுமில்ல. நல்லாத் திறக்கிறேன், அதான் பிரச்சினை” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மூலையில் செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. “கோர்ட்டுல கூட்டம் எப்ப நிக்கும் தெரியுமா” என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல். “தீர்ப்பு என்னன்னு ஜட்ஜுக்கே தெரியாதப்பதான். தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நடிச்சா, வாசல்ல நிக்கிற டவாலிகூடக் கொட்டாவி விடுவான்.”

சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

*

மறுநாள் காலை, மாடி அறைக்குள்ளிருந்து கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

“யாராவது இருக்கீங்களா? உள்பக்கத் திருகு சும்மா சுத்துது. கதவு திறக்கல.”

பூட்டுக்காரர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு படியேறினார். அப்போதுதான் கடைக்குள் நுழைந்த மச்சானும் பின்னாலேயே ஓடி வந்தான். ஓடும்போதே போனைத் தூக்கிவிட்டான்.

“மாமா, ஒரு நிமிஷம். இது நேரலை.”

“உனக்கு மூளை இருக்காடா?” என்றாள் பின்னால் வந்த அவன் அக்கா. “அப்பா உள்ள மாட்டிக்கிட்டு இருக்கார்.”

“எடுத்தா எடுத்துத் தொலையட்டும்” என்றது உள்ளிருந்த குரல். “சீக்கிரம் ஆகட்டும்.”

பூட்டுக்காரருக்கு நடிக்கிற எண்ணமெல்லாம் இல்லை. குனிந்தார், கம்பியை விட்டார். ‘களுக்.’ வழக்கம்போலக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மச்சான் முகம் தொங்கிப்போனது.

பூட்டுக்காரர் கைப்பிடியைத் திருகினார். கதவு அசையவில்லை.

மறுபடி திருகினார். பூட்டியிருந்தது.

“என்ன மாப்பிள்ளை, திறந்துடுச்சா?”

“திறந்துடுச்சு மாமா. ஆனா திறக்கல.”

“கோர்ட்டுல இப்படிச் சொன்னா அடுத்த சாட்சியைக் கூப்பிடுவாங்க.”

மறுபடி கம்பி. மறுபடி ‘களுக்’. விரல் நுனிக்கு அந்த இளக்கம் நன்றாகத் தெரிந்தது. பூட்டு திறந்தது என்று சத்தியம் செய்வார். கைப்பிடியைத் திருகினார். கல் மாதிரி நின்றது.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இப்படி நேர்ந்ததில்லை. கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஓடியது. இந்த முறை யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

“மாமா, ஆள் சேருது” என்று மச்சான் கிசுகிசுத்தான். “கேக்குறாங்க: ‘பெரியவர் பத்திரமா இருக்காரா?’ இன்னொருத்தர், ‘அண்ணனுக்கு நிஜமாவே தெரியல போல.’”

“நிஜமாவே தெரியலங்க” என்றார் பூட்டுக்காரர், கேமராவை நிமிர்ந்து பார்த்து. அவர் வீடியோவில் சொன்ன முதல் இயல்பான வாக்கியம் அதுதான். “இதுக்குள்ள சின்னச் சின்ன ஊசி மாதிரி வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணையும் அததுக்கு உண்டான உயரத்துக்குத் தூக்கிவிடணும். தூக்கிட்டேன். எல்லாம் சரியா உக்காந்துச்சு. அப்புறம் ஏன் திறக்கலன்னு எனக்குப் புரியல. இருங்க, இன்னொரு தடவை பாக்கலாம்.”

கதவோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டார். கை வேலை செய்தது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது. பயத்தில் பேசுகிறவர்கள் பேசுகிற பேச்சு. “ஒருதடவை ஒரு வீட்டுல அம்மா வெளிய, தவழுற குழந்தை உள்ள. காத்துல கதவு சாத்திக்கிச்சு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு. அன்னிக்குத்தான் எனக்குப் பூட்டைப் பாத்துப் பயம் வந்துச்சு. இன்னிக்கு ரெண்டாவது தடவை.”



“அப்புறம்?” என்றார் மாமனார்.

பூட்டுக்காரரின் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவரிடம் கேட்ட முதல் ‘அப்புறம்’ அது.

“அப்புறம்... அந்தப் பொண்ணுகிட்ட, குழந்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருன்னு சொன்னேன் மாமா. அம்மா குரல் கேட்டா குழந்தை அடுப்புப் பக்கம் போகாம கதவுப் பக்கம் வருமில்ல. அது கூப்பிடக் கூப்பிட நான் திறந்தேன்.”

‘களுக்.’ கைப்பிடி. பூட்டியிருந்தது.

“மாமா, ஆயிரத்தைத் தாண்டிடுச்சு” என்றான் மச்சான். “யாருமே போகல.”

“குழந்தை என்ன பண்ணுச்சு மாப்பிள்ளை? பாதில நிறுத்தாதீங்க.”

“கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு மாமா. என்னைப் பாத்துச் சிரிச்சுது. அந்தப் பொண்ணு நன்றிகூடச் சொல்லல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடிடுச்சு. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.”

மனைவி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் கதை தெரியாது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பூட்டுக்காரர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, மறுபடி கம்பியை நுழைத்தார். ‘களுக்.’ கைப்பிடியைத் தொட்டார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்துகொண்டது.

மாமனார் வெளியே வந்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். “நல்ல வேலைதான்” என்றார். காப்பி இருக்கிறதா என்று மகளைக் கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

*

மறுநாள் கடை போன் ஓயவில்லை. பெண்கள் விடுதி ஒன்றின் காப்பாளர் பேசினார். அந்த வீடியோவை விடுதியே கூடி உட்கார்ந்து பார்த்ததாம். “திறக்கத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பாங்க. உள்ள மாட்டினவங்ககூடப் பேசத் தெரிஞ்சவர் எங்களுக்கு வேணும். எல்லா அறைக்கும் நீங்களே பூட்டுப் போட்டுக் கொடுங்க.” மனைவி யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு, கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மாடி அறைக் கதவுப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, மேசைமேல் துணி விரித்து, ஒவ்வொரு பாகமாகப் பிரித்து வைத்திருந்தார். சுருள்கம்பியெல்லாம் சரியாக இருந்தது. ஊசிகள் சரியாக இருந்தன. சும்மா சுற்றியதாகச் சொன்ன உள்பக்கத் திருகு, தொட்டால் கச்சிதமாகப் பிடித்தது.

“என்ன சொல்லட்டுங்க அவங்களுக்கு?”

“வேண்டாம்னு சொல்லிடு” என்றார் நிமிராமல். “இதுல ஒரு கோளாறும் இல்ல. அப்ப கோளாறு என் கையிலதான். கை போச்சுன்னு தெரிஞ்சும் அத்தனை பொண்ணுங்க தூங்குற கதவைத் தொடக்கூடாது.”

மனைவி போனைக் கவுண்டர்மேல் வைத்தாள். மூலையில் நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் காலையிலேயே காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தார்.

கடை வாசலில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி. கோபமெல்லாம் அடங்கிப்போயிருந்தது. பீரோ காலியான பிறகு அவளும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். மேசைமேல் பரப்பியிருந்த பூட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு பூட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள்.

“அந்த மாடி ரூம் பூட்டுதானே அண்ணே இது? நானே கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஒவ்வொரு தடவை திறந்ததும் உங்க மாமனார் உள்ளேருந்து நைசா மறுபடி பூட்டிட்டு, போன்ல உங்களையே பாத்துச் சிரிச்சுக்கிட்டு, ஜன்னல்ல நின்ன என்கிட்ட மூணு விரலைக் காட்டி ‘உஷ்’னாரே, அது எதுக்கு?”