கோகிலவாணி வெளிநாடு சென்றுகொண்டிருக்கிறார்

சட்டம் படித்தவர்கள் வெளிநாடு போய் இன்னும் கொஞ்சம் சட்டம் படிக்க வேண்டும் என்பதில் பீர்க்கன்கரணை ஏரிக்கரை நகரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. உள்ளூரில் கிடைக்கும் சட்டம் உள்ளூருக்கே போதவில்லை என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாங்கள். எப்போது போக வேண்டும் என்பதில்தான் நகர் பல பிரிவாக நின்றது.

ஜெயவேலுவின் மகள் கோகிலவாணி தாம்பரம் கோர்ட்டில் வக்கீல். ஜெயவேலு முன்பு நெல் விளைந்த இடத்தில் இப்போது கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். மகள் உடனே போக வேண்டும் என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்குப் பிறகு போக வேண்டும் என்பது அவர் மனைவி கங்கையம்மாளின் கட்சி. அப்போதுதான் பெட்டி தூக்க மாப்பிள்ளை இருப்பார். கிழக்குத் தாம்பரத்தில் வெளிநாட்டுக் கல்விக்கு ஆலோசனை சொல்லும் ஜெரூஷாவிடம் கேட்டபோது, வெள்ளிக்கிழமைக்குள் போவது நல்லது என்றாள். அதற்குள் முடியாவிட்டால் என்று கேட்டதற்கு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் என்றாள்.

கோகிலவாணியின் சீனியர் ஸ்ரீரங்கன் முதலில் அனுபவம் வேண்டும் என்ற கொள்கை உடையவர்.

"அனுபவ சர்டிபிகேட் ஒண்ணு வேணும் சார். யுனிவர்சிட்டில கேக்கறாங்க."

"போறதுக்கா?"

"ஆமா சார்."

"அனுபவம் இருக்கறவ போகமாட்டாம்மா. போகணும்னு நீ கேக்கறதுலயே உனக்கு அனுபவம் பத்தலைன்னு தெரியுது. நான் எப்படிப் பொய் எழுதிக் கொடுக்கறது?"

"போகலைன்னா கொடுப்பீங்களா?"

"இப்பவே கொடுக்கறேன்."

நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அந்தச் சான்றிதழ் இல்லாமலே அவளுக்கு இடம் கொடுத்துவிட்டது. தண்ணீர் பற்றிய சட்டங்களைப் படிப்பதற்கான இடம். அந்த நாட்டில் கால்வாசி, கடலைவிடத் தாழ்வாக இருக்கிறதாம். நவம்பரில் எங்கள் நகரும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் எங்களுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை.

கோகிலவாணியை யாரும் கேட்கவில்லையே தவிர, அவளுக்கும் ஒரு கருத்து இருந்தது. அடுத்த வருடம் போக வேண்டும். ஏரிக்கரையில் மீன் விற்கும் கிளியம்மாளின் வழக்கு அவள் கையில் இருந்தது. பக்கத்து மனைக்காரர் மழைநீர் வாய்க்காலின் குறுக்கே சுவர் எழுப்பியதில், மழைக்கு மழை கிளியம்மாளின் கட்டில் வீட்டுக்குள்ளேயே படகாகிவிடும். கோகிலவாணி தானே எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்யப்போகும் முதல் வழக்கு அது. அதை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் சட்டம் படிக்கப் போவது சாப்பிடாமலே கை கழுவப் போவது மாதிரி என்று நினைத்தாள். ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லி எழுதினாள். அவர்களும் சரி என்றார்கள்.

அவள் வீட்டில் சொன்னது இரண்டே வாக்கியம். "இடம் கெடச்சிடுச்சுப்பா. அடுத்த வருஷம் போறேன்." முதல் வாக்கியம் முடிந்தபோதே ஜெயவேலு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் போனது குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சத்யநாராயணன் வீட்டுக்கு. சத்யநாராயணன் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு, அலுவலக மொழியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர். நகரிலிருந்து யார் வெளிநாடு போனாலும் தெருமுனையில் பேனர் வைப்பது சங்கத்தின் வழக்கம். மறுநாள் காலையில் பேனர் எழுந்து நின்றது.

"உலகச் சட்டங்களை ஒரு கை பார்க்கப் புறப்பட்டுவிட்ட எங்கள் நகரின் சட்டமே" என்று அதில் எழுதியிருந்தது. பெருங்களத்தூர் பேனர் கடையில் நெதர்லாந்துப் படம் இல்லாததால் லண்டன் மணிக்கூண்டு இருந்தது. சங்க நிர்வாகிகள் ஆளுயரத்தில் கும்பிட்டார்கள். கோகிலவாணி கீழ் மூலையில் பாஸ்போர்ட் அளவில் இருந்தாள். வெளிநாடு போகிறவளுக்கு அந்த அளவுதான் பொருத்தம் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அன்றிலிருந்து அவள் நகரில் இல்லை. முதலில் கிளியம்மாள்தான் அவளை நிறுத்திக் கேட்டாள்.

"இன்னா கண்ணு, இங்க நின்னுகினு கீற? நீ லண்டன் பூட்டேன்னு பேனர்ல கீதே."

"போகலக்கா. உங்க எதிர்லதானே நிக்கறேன்."

கிளியம்மாள் அவளையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேனரு பெருசா கீதே," என்றாள். "வேற வக்கீலப் பாருன்னு அல்லாரும் சொல்றாங்கோ. எனக்கு பேஜாரா கீது கண்ணு. மழை வர்றதுக்குள்ள யார்னா ஒருத்தர் கேஸ நடத்தணுமில்ல?"

சீனியர் அலுவலகத்தில் அவள் நாற்காலியில் வேறொரு ஜூனியர் உட்கார்ந்திருந்தான்.

"நீதான் போயிட்டியேம்மா," என்றார் ஸ்ரீரங்கன்.

"நேத்து சாயங்காலம்கூட உங்களுக்கு வாய்தா வாங்கிட்டு வந்தேனே சார்."

"அது போறதுக்கு முன்னாடி."

கையிலிருந்த ஒரே சொந்த வழக்கும் நழுவப் பார்க்கவே, அவள் நேராகத் தலைவரிடம் போனாள்.

"அங்கிள், அந்த பேனரை எடுத்துடுங்க. நான் அடுத்த வருஷம்தான் போறேன்."

"எடுக்கலாம்மா. என்ன காரணம் காட்டி எடுக்கறது?"

"நான் போகலை. அதான் காரணம்."

"அப்படிப் பதிவு பண்ணினா, போகாதவங்களுக்கும் சங்கம் பேனர் வைக்கும்னு ஆயிடும். இந்த நகர்ல போகாதவங்க எத்தனை பேர் இருக்காங்க, யோசிச்சுப் பாரு. அத்தனை பேரும் வந்து எனக்கு எங்கேன்னு கேப்பாங்க."

"அப்ப நான் என்ன பண்றது?"

"கொஞ்ச நாள் வெளிய தலைகாட்டாம இரேன். சங்கத்தோட நலன் கருதி."

இந்த நிலையில், அனுமதியில்லாமல் பேனர் வைத்தது குறித்து விளக்கம் கேட்டு மாநகராட்சி அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. சம்பந்தப்பட்ட நபர் சென்றுவிட்டாரா, இல்லையா என்று அதில் கேட்டிருந்தார்கள். சென்றுவிட்டார் என்றால், காரியம் முடிந்தும் பேனரை இறக்காதது குற்றம். செல்லவில்லை என்றால், நடக்காத காரியத்துக்குப் பேனர் வைத்தது குற்றம். சத்யநாராயணன் ஒரு பகல் முழுவதும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதினார்: "மேற்படி நபர் வெளிநாடு சென்றுகொண்டிருக்கிறார்."

அந்தப் பதில் சட்டப்படி செல்லுமா என்று பார்த்துச் சொன்னவள் கோகிலவாணி. நகரில் அவளை விட்டால் வேறு வக்கீல் கிடையாது.

அலுவலகம் பதிலை ஏற்றுக்கொண்டது. ஆனால், சென்று சேர்ந்ததும் தெரிவிக்கவும் என்று ஒரு வரி சேர்த்திருந்தது. அது சத்யநாராயணனின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு மனுஷி எவ்வளவு காலம்தான் சென்றுகொண்டே இருக்க முடியும்? மார்கழி வந்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. போன பேனரை இறக்க ஒரே முறையான வழி, வந்த பேனரை ஏற்றுவது. சங்கம் கூடியது. கோகிலவாணி வெளிநாட்டில் உயர் பட்டம் பெற்று வெற்றியுடன் நாடு திரும்பிவிட்டார் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

சமுதாயக் கூடத்தில் வரவேற்பு விழா நடந்தது. சால்வைக்கு மேல் சால்வையாக விழுந்ததில் கோகிலவாணியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. பேசச் சொன்னபோது அவள் மைக்கைப் பிடித்து, "நான் இன்னும் எங்கயும் போகலை," என்றாள்.

"பாத்தீங்களா, அவ்வளவு தூரம் போயிட்டு வந்தும் எவ்வளவு அடக்கம்," என்றார் தலைவர். நாங்கள் கை தட்டினோம். அவள் உச்சரிப்பே மாறிவிட்டது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் கேசரி சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் காட்டில் மழை. ஸ்ரீரங்கன் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்ததோடு, அதை மின்விசிறிக்கு நேர் கீழே போட்டார். "வெளிநாட்டு அனுபவம் வேற மாதிரிதான்," என்று வருகிறவர்களிடம் சொன்னார். கிளியம்மாள், இடையில் வாங்கிப் போயிருந்த வழக்குக்கட்டை மறுபடி அவள் கையிலேயே கொடுத்தாள். கோகிலவாணி கோர்ட்டில் எழுந்து நின்று சுவர்க்காரரிடம், "சுவர் கட்டறதுக்கு முன்னாடி மழைத்தண்ணி எந்தப் பக்கமா போச்சு?" என்று கேட்டாள். இவ்வளவு எளிய கேள்விக்குள் ஏதோ லண்டன் சட்டம் ஒளிந்திருக்கிறது என்று பயந்துபோன அந்த மனிதர் உள்ளபடியே சொல்லிவிட்டார். சித்திரைக்குள் சுவர் இடிபட்டது. ஆளில்லாத வாய்க்காலில் ஒரு கொக்கு வந்து நின்றது.

கோகிலவாணி வேண்டுமென்று கேட்ட ஒரு வருடம் முடிந்தது.

"அப்பா, நான் கெளம்பறேன்."

"எங்கம்மா?"

"வெளிநாட்டுக்கு. படிக்க."

ஜெயவேலு நாளிதழைத் தாழ்த்தினார். "மறுபடியுமா?"

ஆவணியில் ஒரு காலை, அவள் இரண்டு பெட்டிகளுடன் வாடகைக் காரில் ஏறினாள். பேனர் இல்லை, சால்வை இல்லை. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "வெளியூர் கேஸா கோகிலா?" என்று கேட்டார்கள். "ஆமாக்கா, கொஞ்சம் தூரம்," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. கிளியம்மாள் வீட்டுப் பக்கம் வாய்க்கால் ஒழுங்காக ஓடியது. மீதி நகரில்தான் தண்ணீர் நின்றது, ஏனென்றால் மீதி வாய்க்கால்களின் மேல் எங்கள் வீட்டுச் சுவர்கள் நின்றன. மனு எழுதுவதற்காகச் சத்யநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயவேலு வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே நாங்களும் போய் நின்றோம்.

"கோகிலாவைக் கொஞ்சம் வரச்சொல்லுப்பா."

"அவ நெதர்லாந்துல இருக்கா சார்."

"தப்பு, ஜெயவேலு. அவ திரும்பி வந்தாச்சு. தீர்மானம் போட்டிருக்கோம்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி நாங்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினோம். கேசரி சாப்பிட்டவர்கள் ஆயிற்றே. ஜெயவேலு எங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக உள்ளே திரும்பி, "கோகிலா," என்று கூப்பிட்டுப் பார்த்தார்.