எல்லா முகவரியும் ஒரே வீட்டுக்கு

பட்டியலில் ‘பணக்காரத் தவளை 88’ என்ற பெயரைப் பார்த்ததும் பாக் ஹர்ஜிதோவுக்குக் காபி புரையேறியது. அதற்குக் கீழே ‘தென்னை ராஜா 99’. இன்னும் கீழே நூற்றுக்கு மேல். அத்தனையும் இணையச் சூதாட்டத் தளங்கள்.

இணையம் மந்தமாக இருக்கிறதே என்று கணினிக் கடை ஜோகோவுக்குப் போன் போட்டது வினையாகிவிட்டது. அவன் சொன்ன கட்டளையைத் தட்டியதும், கணினி நினைவில் வைத்திருந்த தள முகவரிகள் எல்லாம் வரிசையாக வந்து கொட்டின. ஊரே ‘பாக்’, அதாவது ஐயா, என்று கூப்பிடும் ஹர்ஜிதோ இந்தோனேசியாவின் சுரபாயா தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் பிரித்தவர். முகவரி இருந்தால் அங்கே யாரோ போய்வருகிறார்கள் என்பது அவர் கட்சி. மூன்று வாரத்தில் மகள் ரத்ரிக்குக் கல்யாணம். அதற்குள் ஆளைப் பிடித்தே தீருவது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“பட்டியலை அழிச்சிடுங்க பாக், சரியாயிடும்,” என்றான் ஜோகோ.

அழித்தார். வங்கி, வானிலை, செய்தி எல்லாம் போயிற்று. தவளை மட்டும் தன் கூட்டத்தோடு கண்மூடித் திறப்பதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

யாரோ போனில் இருந்தபடியே ஆடுகிறார்கள் என்று முடிவுகட்டினார். ரத்ரியின் போனைப் பிடுங்கி பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, தன் போனையும் போட்டார். மனைவி சுலஸ்த்ரி கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கெதிரி ஊருக்குப் போயிருந்ததால் அவள் போன் தப்பித்தது.

“சமையல்காரங்க கூப்பிடுவாங்கப்பா.”

“கூப்பிடட்டும். எனக்கு மானம்தான் முக்கியம்.”

தவளை நகரவில்லை. அப்போதுதான் ஹர்ஜிதோ கவனித்தார், எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரே எண். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். போன்தான் டின்னுக்குள் இருக்கிறதே, வெயிலில் கடைக்கு நடந்தார்.

“127.0.0.1. இது யாரு முகவரிடா?”

“உங்க கம்ப்யூட்டரேதான் பாக்.”

“அப்ப இத்தனை சூதாட்டக் கிளப்பும் என் வீட்டுலயா நடக்குது?”

“அப்படி இல்ல பாக். ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல்ல யாரோ கையால எழுதி வெச்சிருக்காங்க, அந்தப் பேரைத் தட்டினா வெளிய போகாம இங்கயே திரும்பிடும். அது எதுக்குன்னா...”

“போதும்.” ஹர்ஜிதோ படியிறங்கிவிட்டார்.

வீட்டுக் கணினியைக் கடைசியாகத் தொட்ட வெளியாள் வருங்கால மாப்பிள்ளை விபோவோ. போன மாதம் பத்திரிகை வடிவமைக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அவன் வந்ததும் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

“இந்தப் பேரையெல்லாம் எழுதினது யாரு?”

“நான்தான் பாக்.”

“எதுக்கு?”

“சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாரு, உன் கூட்டாளியா?”

“அதையும் சொல்ல முடியாது பாக்.”

“அப்ப கிளம்பு. கல்யாணமும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்.”

“அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கப்பா, போனைக் குடுங்க,” என்று ரத்ரி அழுதாள்.

“டின் திறக்காது.”

அவள் அழுகையைக் கேட்க அவருக்கும் நெஞ்சு வலித்தது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஃபைலைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக அழித்தார். பட்டியலை மறுபடி வரவழைத்துப் பார்த்தார். தவளையும் இல்லை, ராஜாவும் இல்லை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் சுலஸ்த்ரி கெதிரியின் மஞ்சள் தாஹு என்ற சோயாக் கட்டிகள் நிறைந்த கூடையோடு வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

“ஒத்தை ஆளா நின்னு அத்தனையும் அழிச்சேன்,” என்றார்.

சுலஸ்த்ரி கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவி மனுஷா, நான் மறுபடி அந்தத் தவளைகிட்ட போயிடக் கூடாதுன்னு மாப்பிள்ளைகிட்ட கெஞ்சிப் போடச் சொன்ன பூட்டையா ஒடைச்சீங்க?”