மூன்று டிக்கெட் பள்ளம்

போன வாரம் ஒரு பஸ் டிக்கெட்தான் நுழைந்தது. இன்றைக்கு இரண்டு நுழைகிறது.

காளியண்ணன் லேத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரும்பு இடுக்கிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் உருவி எடுத்து மறுபடியும் நுழைத்துப் பார்த்தார். தாராளமாகப் போயிற்று. நான்கு நாள் தோள்பட்டை கழன்று விழும் அளவுக்குச் சுரண்டியதற்கு இதுதான் பலன்.

"சுகுணா! இங்க வந்து பாரு. உங்கண்ணன் என் தலையில என்னத்தைக் கட்டியிருக்கார்னு நல்லாப் பாரு!"

"மூணு மாசமா அதைத்தானுங்க பாத்துட்டு இருக்கறேன்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. எழுந்து வரவில்லை.

லேத் என்பது இரும்பைக் கடைகிற இயந்திரம். அதில் தண்டவாளம் மாதிரி நீளமாக ஒரு படுகை உண்டு. பட்டறைக்காரர்கள் பெட் என்பார்கள். கடைகிற உளி அதன்மேல்தான் முன்னும் பின்னும் ஓடும். பெட் நேராக இருந்தால் கடைந்த கம்பியும் நேராக இருக்கும். பெட் தேய்ந்து பள்ளமாகிவிட்டால் கம்பி முருங்கைக்காய் மாதிரி வரும். அவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் ஒரு குடும்பமே பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது.

காளியண்ணன் இருபது வருஷத்துக்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் கடைசல் படித்தவர். படித்து முடித்ததும் மலைமேல் சோளக்காடு ஊருக்குப் பக்கத்தில் இருந்த மிளகுத் தோட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. கை மிளகு பறித்தாலும் மனசு லேத்திலேயே இருந்தது. அது தெரிந்துதான் மச்சான் தனபால், மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் தன் பட்டறைக்குப் பெரிய மெஷின் வாங்கியபோது, தான் தொழில் பழகிய சின்ன லேத்தைத் தங்கச்சி வீட்டுக்குச் சீர் மாதிரி அனுப்பி வைத்தார்.

"பழசுன்னு நெனைச்சுக்காதீங்க மாப்ளை. பெட் கண்ணாடி மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் வினையாயிற்று.

ஏனென்றால் காளியண்ணன் எதையும் வாய்வார்த்தையில் நம்புகிற ஆள் இல்லை. அவரிடம் பட்டை இருந்தது.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்பது அதன் முழுப்பெயர். வீட்டில் எல்லோருக்கும் பட்டை. மூன்றடி நீள எஃகு. ஒரு முகம் மட்டும் முடியளவுகூடப் பிசகாமல் சாணை பிடித்தது. லேத் வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆசைப்பட்டு கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, துணி சுற்றிச் சுவரில் மாட்டியிருந்தார். கூடவே வந்த சான்றிதழுக்குச் சட்டம் போட்டு எட்டுக்கை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். பட்டையைத் தொட அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. வைக்கும்போது எழுத்துப் பொறித்த முனை இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். திருப்பி வைப்பது மகா பாவம்.

லேத்தை இறக்கிய அன்றே பட்டையை எடுத்து பெட்டின்மேல் வைத்தார். கம்பியைக் கவ்விப் பிடிக்கிற சக் பக்கமாகக் கீழே வெளிச்சம் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்த சேலம் பஸ் டிக்கெட்டை நுழைத்தார். போயே போய்விட்டது.

உடனே போன் பறந்தது.

"கண்ணாடின்னீங்களே மச்சான், கண்ணாடிக்குள்ள டிக்கெட் போகுதுங்களே?"

"இருவது வருசம் எனக்குச் சோறு போட்ட மெஷினுங்க அது. அதைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நான் அந்த மலையே ஏற மாட்டேன்."

காளியண்ணன் இன்னொரு வார்த்தை பேசினார். "தேஞ்சு போனதைத் தள்ளி விட்டுட்டீங்க" என்பது அந்த வார்த்தை.

தனபால் மலை ஏறவில்லை. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை மகள் கோகிலவாணிக்குக் காது குத்து. மூன்று வயதுப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சுகுணாவுக்கு உடன்பிறந்தவர் என்று இருப்பது தனபால் ஒருவர்தான்.

"மாமன் மடியில்லாம காது குத்தினதா இந்த மலையில எங்கியாச்சும் கேட்டிருக்கீங்களா? ஒரு சாரி சொன்னா என்னங்க?"

"சொல்றேன். முதல்ல பெட்டை நேர் பண்ணிக்கறேன். அப்புறம் நானா பெரிய மனசு பண்ணிச் சொல்றேன்."

நேர் பண்ணும் வித்தையை வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். பட்டையில் நீல மையைப் பூசி பெட்டின்மேல் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் மை ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். வீடியோவில் வெள்ளைக்காரர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

காளியண்ணன் வலதுகோடியைச் சுரண்டினார், நடுவில் மேடாயிற்று. நடுவைச் சுரண்டினார், இடது கோடி தூக்கிக்கொண்டது. மை மட்டும் நன்றாக ஒட்டியது. கதவுத் தாழ்ப்பாளில், தண்ணீர்ச் சொம்பில், மிளகுச் சாக்கில், ஆட்டின் காதில், கோகிலவாணியின் கன்னத்தில். அழைப்பிதழ் கொடுக்கப் போன இடத்திலெல்லாம் பத்திரிகை மேல் ஒரு நீலக் கட்டைவிரல் ரேகை இருந்தது.

சுரண்டிச் சலித்த நேரத்தில் பட்டையை வீட்டுச் சாமான்கள் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். வாசல் கதவு கோணல் என்று தெரிய வந்தது. இழைப்புளி வைத்து நேராக்கினார். அன்றிலிருந்து கதவு சாத்தவில்லை, மலைக்காற்று நேராக அடுப்புக்குள் வந்தது. டி.வி. அலமாரியும் கோணல். அதையும் நேராக்கினார். டி.வி. இப்போது கட்டிலில் இருக்கிறது.

"இந்த ஊட்ல நேரா இருக்கறது அந்த இரும்பு ஒண்ணுதான்" என்றாள் சுகுணா.

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்றார் காளியண்ணன், யாராவது ஒருவர் புரிந்துகொண்டார்களே என்ற சந்தோஷத்தில்.

அடுத்த காட்டுக்காரி ராமாயி ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும் உரிமையோடு உள்ளே வருகிறவள். அரிவாள், முறம், ஏணி என்று எதையாவது எடுத்துப் போவாள், பதிலுக்குக் கிழங்கு கொண்டுவந்து போடுவாள்.

"என்ன கண்ணு, மெஷினுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நடுவுல பள்ளம் விழுந்திருச்சுங்க அக்கா."

"பள்ளந்தானே? ரெண்டு கூடை மண்ணு கொட்டி மேவினா ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கிழங்கை இறக்கி வைத்துப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று டிக்கெட் நுழைந்தது. காது குத்துக்கு நான்கு நாள்தான் பாக்கி.

சுகுணா அதற்குமேல் பொறுக்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். "நீ வந்து ஒரு தடவை உன் கண்ணால பாத்துட்டுப் போயிடுண்ணா. இவரு சாமி வந்தவராட்டம் ஆடறாரு."

புதன்கிழமை தனபால் வந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக லேத்திடம் போனார். காளியண்ணன் பட்டையை இரண்டு கையிலும் ஏந்தி வந்து, எழுத்து இடப்பக்கம் வர, பெட்டின்மேல் வைத்தார். தனபால் அதைத் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க மச்சான்! கை வேர்வை படும்!"

தனபால் கையை இழுத்துக்கொண்டார். குனிந்தார். ஒரு டிக்கெட், இரண்டு டிக்கெட், மூன்று டிக்கெட்.

"நடுவுல கொஞ்சம் சொரண்டியிருக்கேன். ஆனா வந்த அன்னிக்கே ஒண்ணு போச்சுங்க. பொய் சொன்னா எட்டுக்கை அம்மன் கேக்கட்டும்" என்றார் காளியண்ணன்.

தனபால் பட்டைக்கு அடியில் இன்னொரு தடவை கண்ணை ஓட்டினார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆறு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் வந்தாருங்க மாப்ளை. நான் அவரு மோட்டாருக்குக் கடைஞ்ச ஷாஃப்ட் ஆடுதுன்னாரு. உன் மோட்டார்தான் கோணல்னு திட்டித் தொரத்திட்டேன். பாவம், அந்த மனுசன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இருவது வருசம். இன்னும் எத்தனை பேருக்குக் கோணலாக் குடுத்தேனோ."

காளியண்ணனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஜெயித்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், மச்சான் கண்கலங்குவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. "விடுங்க மச்சான். தெரியாம நடந்ததுதானே" என்று தோளில் தட்டினார். தட்டிய இடத்தில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தது.

"தங்கச்சி ஊட்டுக்குக் கெட்டுப்போன பொருளைச் சீராக் குடுத்துட்டேன். பெரிய மெஷினை நீங்க வெச்சுக்குங்க. இது பழைய இரும்புக்குப் போகட்டும்."

"ஐயோ, வேண்டாங்க" என்றார் காளியண்ணன். மரியாதைக்கு மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்லவில்லை.

அன்று ராமாயி கொண்டுவந்த கிழங்கை வேகவைத்து, மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சுகுணா மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காது குத்து ஜாம்ஜாமென்று நடந்தது. கோகிலவாணி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். மாமனும் கொஞ்சம் அழுதார். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது பெரிய லேத்தை ஏற்றிய மினி லாரி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வாசலுக்கு வந்து நின்றது. பழைய லேத் வேலியோரம் கயிறு கட்டிக் கிடந்தது. தனபால் அதன் பக்கத்தில் போய் ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பலகை வைத்து இறக்கும்போது பெரிய லேத் பாதியில் சிக்கிக்கொண்டது. லாரி டிரைவர் செங்கோடன் கத்தினார்.

"ஏனுங்க, நெம்பறதுக்குக் கடப்பாரை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு ராமாயி எழுந்தாள்.

"கடப்பாரை எதுக்குங்க, உள்ள செவுத்துல ஒரு பட்டை இரும்பு தொங்குது பாருங்க, அதை எடுத்துட்டு வாங்க! இந்த மெஷினெல்லாம் வர்றதுக்கு முந்தி, இவங்க சந்தைக்குப் போயிருந்தப்ப, நான் அதுலதான் அத்தனை கெழங்கையும் நெம்பி எடுத்தேன். கல்லுல மாட்டிக் கொஞ்சம் வளைஞ்சு போச்சு, நானே அம்மியில வெச்சுத் தட்டி நேராக்கி மாட்டிட்டேன். இன்னி வரைக்கும் கண்ணுக்கே தெரியலயே, இல்ல கண்ணு?"