வெள்ளிக் கரண்டியைக் கீழே வைத்தவர்

கோட்டைக்குள் கால் வைத்ததும் மன்னராகிவிடுகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய கோட்டை ஒன்றைத் துடைத்து, விளக்குப் போட்டு, உயர்தர உணவு விடுதியும் விழா மண்டபமுமாக மாற்றிவிட்டால் போதும்; கார் நிறுத்துமிடம்வரை நம்மைப் போலவே நடந்து வந்தவர், வாசல் வளைவைத் தாண்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார், தாடையை நாலு விரல் உயர்த்துவார், சுவரைத் தட்டிப் பார்த்து, "அந்தக் காலத்துக் கல்லு" என்பார். எந்தக் காலம் என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர், என் மனைவியின் அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். வீட்டில் வைத்த பெயர் 'சரித்திரம்'.

அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, எழுபதாவது பிறந்த நாளுக்குக் கோட்டையில் மதியச் சாப்பாடு கேட்டார். காரணம் இருந்தது. விடுதியாவதற்கு முன் அது பத்திரப் பதிவு அலுவலகம். அத்தை அங்கே இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்தவர். பெரிய மண்டபம் அதிகாரிகளுக்கு; அத்தையின் டிபன் டப்பாவுக்குப் படிக்கட்டு. "ஒரே ஒரு தடவை அந்த ஹால்ல உட்கார்ந்து, யாரும் அவசரப்படுத்தாம சாப்பிடணும்" என்றார்.

இதைக் கேட்ட மகன் என்ன செய்தார்? அம்மாவுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டினார்.

"இந்தக் கொக்கியிலதாம்மா வாளெல்லாம் மாட்டுவாங்க."

"நாங்க ஈரக் குடையை மாட்டுவோம்."

"கீழ பாதாளச் சிறை."

"ரெக்கார்டு ரூம்டா. எலி ஜாஸ்தி."

"உனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

மண்டபத்தில் தலைமைப் பரிசாரகர் பணிவாக ஒரு வழக்கத்தை விளக்கினார். மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி, அதன் முன் ஒரு வெள்ளிக் கரண்டி. அங்கே உட்காருபவர் கரண்டியை எடுத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். கீழே வைத்தால் எல்லார் தட்டையும் எடுத்துவிடுவார்கள். பழைய பிரபு ஏற்படுத்தியதாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரித்திரம் அந்த நாற்காலியில் இருந்தார்.

சூப் வந்தது. கரண்டி உயர்ந்தது. அத்தை முதல் வாய் வைத்தார்.

"இந்த மண்டபத்துக் கதவு எவ்வளவு அகலம் தெரியுமா?"

அகலத்தைக் காட்ட இரண்டு கை வேண்டும். கரண்டி கீழே போனது. ஆறு பரிசாரகர்கள் ஓசையில்லாமல் வந்தார்கள். சூப் போயிற்று.

மீன் வந்தது. அத்தை பொறுமையாக முள் எடுத்து முடித்த நேரம் பார்த்து, சரித்திரத்தின் கதையில் எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மீனும் போயிற்று.

"அண்ணா, கையைக் கட்டிட்டுப் பேசேன்" என்றாள் என் மனைவி.

"கையைக் கட்டிட்டு முற்றுகையை எப்படிடி சொல்றது?"

அத்தை எழுந்தார். "எந்திரிடா."

"அம்மா, இது பிரபு உட்கார்ந்த நாற்காலி."

"ரெஜிஸ்ட்ரார் உட்கார்ந்த நாற்காலி. கால் ஆடும், பாத்து எந்திரி."

ஆடியது.

அத்தை உட்கார்ந்து, இடது கையில் வெள்ளிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்பா, அந்த மீன் திரும்ப வருமா?" என்று கேட்டார்.

"அந்த நாற்காலி கேட்டா வரும்மா" என்றார் தலைமைப் பரிசாரகர்.

மீன் வந்தது, இறைச்சி வந்தது, இனிப்பு இரண்டு முறை வந்தது. வாய் துடைத்தபோதும், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபோதும் அத்தை கரண்டியை விடவில்லை. பரிசாரகர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இரண்டரை மணி நேரம் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அடுத்த பிறந்த நாளுக்கு அத்தை இல்லை. நாங்கள் மட்டும் போனோம். கட்டிய கை, உயர்ந்த தாடை, எல்லாம் பழையபடிதான். கொக்கிக்குப் பக்கத்தில் மட்டும் சரித்திரம் நின்று, முன்பின் தெரியாத ஒரு விருந்தாளியிடம், "இதுலதான் எங்க அம்மா குடையை மாட்டுவாங்க" என்றார். அவர் சொல்லி நான் நம்பிய முதல் தகவல் அது.

மேசையிலும் அதே பேச்சுத்தான். குடை எவ்வளவு பெரிது என்று காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டது. சூப் போயிற்று. "கைப்பிடி மூங்கில்தானேண்ணா?" என்றாள் என் மனைவி.

இவ்வளவு நேரம் உங்கள் சித்தப்பாவையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையை அடுத்த சாப்பாட்டு மேசையில் எடுத்துவிடுவதற்கு முன், உங்கள் கரண்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.