சமுதாயத்தைத் தேடிச் சென்ற கல்லூரி

ஒரு கல்லூரி என்றால் அதற்கு வரலாறு வேண்டும். பூட்டுவதற்கு ஒரு வாயிற்கதவு வேண்டும். உள்ளே வரக் கூடாதவர்கள் சிலராவது வேண்டும். நெமிலிச்சேரி இரயில் நிலையத்துக்கு அருகே இயங்கிவந்த சமுதாயக் கல்லூரிக்கு முதலாவது மட்டுமே இருந்தது.

அந்த வரலாறும் சுருக்கமானதே. பூந்தமல்லிப் பக்கம் குளிரூட்டிய மண்டபங்கள் முளைத்தபின், முகூர்த்த நாளிலும் ஈயோட்டிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அது தொடங்கப்பெற்றது. பந்தி நடந்த கூடத்தில் மின்சாதனப் பழுதுநீக்கமும், மணமகள் அறையில் தையலும் கற்பிக்கப்பட்டன. மணமேடையே முதல்வர் ஷோபனாவின் அலுவலகம். கையொப்பம் வாங்க மேடையேறியவர்கள், வாங்கியதும் பழக்க தோஷத்தால் அவருக்குப் பக்கத்தில் நின்று கேமராவைத் தேடினார்கள்.

சனிக்கிழமைதோறும் ஊரார் ஓடாத மிக்ஸி, சுற்றாத ஃபேன், சூடேறாத அயர்ன் பாக்ஸ் முதலியவற்றைச் சுமந்துகொண்டு கல்லூரிக்கு வருவார்கள். மாணவர்கள் அவற்றைப் பிரித்து, பழுது பார்த்து, மூடிக் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. பயிற்சிக்கு வேறு பொருளும் கிடையாது. ஊருக்குச் சாமான் ஓடியது. மாணவர்க்குக் கை பழகியது. எவருக்கும் நட்டமில்லாத காரணத்தால், இதைத் 'திட்டம்' என்று அழைக்கலாம் என எவருக்கும் தோன்றவில்லை.

இந்நிலையில், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தரக் குழு வரவிருப்பதாகச் செய்தி வந்தது. ஷோபனாவுக்குத் தூக்கம் போயிற்று. அங்கீகாரம் தவறினால், அந்த ஆண்டு மாணவர்களின் சான்றிதழுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைக்குள்ள மதிப்புகூட இராது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அவர்களுக்கு உறுதியாகியிருந்த வேலையும் போய்விடும். ஆகவே, தர ஆலோசகர் ரகுநாதன் வரவழைக்கப்பட்டார்.

அவர் மேடையேறி, கல்லூரியை ஒருமுறை சுற்றிப் பார்த்து, பெருமூச்செறிந்தார்.

"சமுதாயத் தொடர்பு என்ற தலைப்பின்கீழ் உங்களிடம் ஒன்றுமே இல்லையே, மேடம்?"

"வாசல்ல பாருங்க சார். மிக்ஸியோட நிக்கிறாங்களே, அவங்கதான் தொடர்பு."

"அவர்கள் தாமாகவே வருகிறார்கள். கல்லூரி சமுதாயத்திடம் சென்றால் தொடர்பு. சமுதாயம் கல்லூரிக்கு வந்தால் அத்துமீறல்."

ஷோபனாவுக்கு அம்பத்தூர் வேலை நினைவுக்கு வந்தது. வாசலுக்குக் கதவு செய்ய ஆள் அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை, புதிதாகப் பொருத்தப்பட்ட இரும்புக் கதவு பூட்டப்பட்டது. மஞ்சள் டி-ஷர்ட் அணிந்த மாணவர்கள் பேனர் ஏந்தி, பின்வாசல் வழியாகச் சமுதாயத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். கருவிகளை வெளியே கொண்டுசெல்ல விதியில் இடமில்லை என்பதால் வெறுங்கையோடு சென்றார்கள். தெருத்தெருவாகச் சென்று திரும்பியதும், மாணவன் பாபு ரகுநாதனிடம் நிலவரம் தெரிவித்தான்.

"ஊடெல்லாம் பூட்டி கீது சார். சமுதாயம் ஊட்டுல இல்ல."

"எங்கே போயிற்று?"

"நம்ம கேட்டாண்டதான் சார் நிக்குது."

நின்றது. அதன் முன்வரிசையில், மிக்ஸியைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தவர் ஆட்டோ ஓட்டும் தசரதன்.

"இன்னா சார் நாயம் இது? மிக்ஸி எங்கையில கீது. பசங்க எங்க ஊட்டாண்ட போய் நிக்கறானுங்க. நடுவுல இன்னாத்துக்கு சார் பூட்டு?"

"நீங்கள் வீட்டுக்குச் செல்லுங்கள், ஐயா. சமுதாயம் தன் இடத்தில் இருந்தால்தான் கல்லூரி அதைச் சென்றடைய இயலும்."

"போனா, வந்து ரிப்பேர் பண்ணித் தருவாங்களா?"

"படம் எடுப்பார்கள்."

குழு வருகை தந்த நாளில், ஊரார் அனைவரும் தத்தம் வீட்டில் சமுதாயமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். குழுவினர் தசரதன் வீட்டுக்கு எழுந்தருளினர். மிக்ஸிக்கு மாலை சூட்டப்பட்டது. அதன்முன் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மஞ்சள் டி-ஷர்ட்டுகள் சுற்றி நின்று அதனை அன்போடு பார்த்தன. ஷோபனா மாலையின் பூக்களைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இக்கல்லூரியால் உங்கள் வாழ்வில் நேர்ந்த மாற்றம் யாது?" என்று வினவினார் குழுத் தலைவர்.

"மொதல்ல மிக்ஸி மட்டும்தான் சார் ஓடல. இப்ப ஆட்டோவும் ஓடல. காலையிலேர்ந்து இங்கியே குந்திகினு கீறேன்."

'வாழ்வில் ஆழ்ந்த மாற்றம்' என்று குறித்துக்கொண்டு குழு கைதட்டியது.

கல்லூரிக்கு உயர்தரம் கிடைத்தது. சான்றிதழ்கள் பிழைத்தன, மாணவர்கள் அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மனம் குளிர்ந்த ஷோபனா, ரகுநாதனுக்குத் தெரியாமல், அடுத்துவந்த சனிக்கிழமை தம் கையாலேயே கதவைத் திறந்துவைத்தார். ஒருவரும் வரவில்லை. மறு சனிக்கிழமையும் அவ்வாறே. புதிய மாணவர்கள் பிரிப்பதற்குப் பொருளின்றி, ஸ்க்ரூ டிரைவரால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார்கள். பொறுக்க மாட்டாமல் அவர் ஆட்டோ ஸ்டாண்டுக்கே சென்றார்.

"ஏன் தசரதன், யாருமே வர்றதில்ல? கேட்டைத் தொறந்துதானே வச்சிருக்கேன்?"

"அப்ப அது கல்யாண மண்டபம் மேடம், பூந்து வந்தோம். இப்ப பெரிய காலேஜாச்சே! ஒடஞ்ச மிக்ஸிய இடுக்கிகினு வந்தா நல்லாவா கீது?" என்ற தசரதன் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்கு ஒரு சீட்டு மட்டும் பாத்துக் குடுங்க மேடம். எங்களையே உள்ள உடாத காலேஜுன்னா, படிப்பு சும்மாவா இருக்கும்?"

ஷோபனா திரும்பிவந்து நடந்ததைச் சொன்னார். ரகுநாதனோ சிறிதும் கலங்கவில்லை.

"பழுதான பொருள்கள் இல்லை, அவ்வளவுதானே? டெண்டர் விட்டுப் புதிய மிக்ஸிகள் வாங்குவோம். முறைப்படி உடைப்போம்."

"யார் உடைப்பாங்க?"

"பழுதாக்குநர் என்றொரு பணியிடம் உருவாக்க விதியில் இடமுண்டு. உள்ளூர்ச் சமுதாயத்துக்கே முன்னுரிமை."

அடுத்த மாதமே பணிநியமன ஆணையை ஏந்தித் தசரதன் மேடையேறினார். சட்டை புதிது, நெற்றியில் விபூதி.

"முன்னாடி ஓசியில ஒடச்ச அனுபவம் நெறைய கீது மேடம்."

ஷோபனா கையொப்பமிட்டார். "உங்க வீட்டு மிக்ஸி என்ன ஆச்சு? அதையும் கொண்டாந்து குடுங்களேன். பசங்க பாப்பாங்க."

தசரதனின் முகம் இறுகியது.

"அது செல்லாது மேடம். அது தானா ஒடஞ்சது."

இதைச் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தால் அவர் முதல்வருக்குப் பக்கத்தில் வந்து நின்று கேமராவைத் தேடினார். ரகுநாதன் செல்பேசியை உயர்த்தினார். ஷோபனா தம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, படத்துக்குச் சிரித்தார்.